நான் சரிபார்த்த வரி

போன மாதம் உங்கள் பயிற்சி நாளில் பேச என்னை அழைத்திருந்தார்கள். பேசி முடித்ததும் பின்வரிசையில் இருந்த ஒரு பெண் எழுந்து கேட்டாள்: "சிஸ்டர், மருத்துவ ஆராய்ச்சிக்குக் காசு கவர்மெண்டு வரிப்பணத்துல வர்றது நல்லதா, நன்கொடையில வர்றது நல்லதா?"

"எங்கேருந்து வந்தா என்ன, வந்தா போதும்லா" என்றேன். எல்லாரும் சிரித்தீர்கள். தேநீர் வந்துவிட்டது. அந்தப் பெண் மட்டும் சிரிக்காமல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் மழுப்பியது அவளுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

அந்தக் கேள்விக்கு என்னிடம் ஒரு பதில் இருக்கிறது. அதைச் சொல்ல வேண்டுமானால் தர்ஷினியைப் பற்றிச் சொல்ல வேண்டும். அத்தனை பேர் முன்னால் அவளைப் பற்றிப் பேச என்னால் முடியாது. எழுதினால் முடியும் என்று நினைக்கிறேன். ஆய்வுத் தாதிகளாக நாளை நீங்கள் வீடு வீடாகப் போய் ஒப்புதல் படிவம் நீட்டப்போகிறவர்கள். அதனால் இது உங்களுக்குத் தேவைப்படும்.

மலாக்காவில் ஒரு மருத்துவமனையின் சிறிய ஆய்வுப் பிரிவில் நான் வேலை பார்த்தேன். ஒரு டாக்டர், நான், பாதி நேரம் வரும் ஒரு குமாஸ்தா. அவ்வளவுதான் பிரிவு. பிள்ளைகளின் தசைகள் மெல்ல மெல்ல வலுவிழந்துபோகும் ஓர் அரிய நோயைப் பற்றி எங்கள் ஆய்வு. முதலில் கால் தளரும், பிறகு கை, கடைசியில் மூச்சு. அதற்கு மருந்து இல்லை. மருந்தை எந்தப் பக்கம் தேடுவது என்று தெரிந்துகொள்ளத்தான் பிள்ளைகளை வருடக் கணக்கில் பின்தொடர்ந்து, ரத்தம் எடுத்து, நடையையும் மூச்சையும் அளந்து எழுதிவைத்தோம். ஐந்து பிள்ளைகள் வந்தார்கள். அவர்களில் ஒருத்தி தர்ஷினி.

மஸ்ஜித் தானா என்ற ஊர்ப் பக்கத்தில் மலிவு விலை வீடு ஒன்றில் அவர்கள் இருந்தார்கள். அப்பா குணா, எண்ணெய் எடுக்கும் செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டுநர். அம்மா லெட்சுமி பள்ளிக்கூடக் கேண்டீனில் சமைப்பவர். மூத்த மகன் சரவணன் நான் அவர்களைச் சந்திப்பதற்கு முன்பே இறந்துவிட்டான். இதே நோய்தான். தங்கைக்கு மட்டும் அது தெரியாது. அண்ணன் நெஞ்சுச் சளியில் போனான், உனக்குக் கால் நரம்பில் ஏதோ கோளாறு, வைத்தியம் பார்த்தால் சரியாகிவிடும் என்று வீட்டில் சொல்லிவைத்திருந்தார்கள்.

"அவகிட்ட சொல்லிறாதீங்க மிஸ்ஸி" என்று முதல் நாளே லெட்சுமி என் கையைப் பிடித்துக்கொண்டார். எங்கள் பக்கம் தாதியை மிஸ்ஸி என்றுதான் கூப்பிடுவார்கள். டாக்டரும் நேரம் வரும்போது சொல்லிக்கொள்ளலாம் என்றார். அந்த நேரம் எப்போது வரும் என்று நாங்கள் யாரும் பேசவில்லை.

தர்ஷினி படிவம் இரண்டில், அதாவது எட்டாம் வகுப்பில், படித்துக்கொண்டிருந்தாள். கால் தளருவதற்கு முன் பூப்பந்து ஆடியவள். ஆட முடியாமல் போனதும் பள்ளிக் குழுவுக்குப் புள்ளி குறிப்பவளாக ஆகிவிட்டாள். என்னிடம் வரும்போதும் அந்தக் குணம் போகாது. நடைப் பரிசோதனைக்கு நான் நேரம் குறித்தால், தன் கைப்பேசியிலும் குறித்துக்கொண்டு, "மிஸ்ஸி, நீங்க ரெண்டு செகண்டு லேட்டா அமுக்குனீங்க" என்பாள். பல முறை அவள் சொன்னதுதான் சரியாக இருந்தது.

அந்த ஆய்வு அரசாங்க மானியத்தில் நடந்தது. மூன்று வருடம் தந்தார்கள். நான்காவது வருடத்துக்கு எழுதியபோது, நோயாளிகள் மிகக் குறைவு, இதே பணத்தை அதிகம் பேருக்குப் பயன்படும் ஆய்வுக்குத் தர வேண்டியிருக்கிறது என்று பதில் வந்தது. மானியம் ஒதுக்கும் குழுவில் இருந்தவர்கள் கெட்டவர்கள் இல்லை. சர்க்கரை வியாதிக்காரர்கள் எத்தனை பேர், எங்கள் பிள்ளைகள் எத்தனை பேர். நான் அந்த நாற்காலியில் இருந்திருந்தாலும் ஒருவேளை அதையேதான் எழுதியிருப்பேன். ஆனால் ஐந்து பிள்ளைகளின் பெயரும் எனக்குத் தெரியும். அந்தக் குழுவுக்கு ஐந்து என்ற எண்தான் தெரியும்.

அப்போதுதான் ஒரு தொண்டு அமைப்பு முன்வந்தது. அதன் செயலாளர் ஓர் அம்மா. தன் சொந்தத் தங்கையை வேறொரு நோய்க்குப் பறிகொடுத்தவர். உண்மையான அக்கறையோடுதான் வந்தார். அதில் எனக்கு இன்றைக்கும் சந்தேகமில்லை. கடற்கரைச் சாலையில் இருந்த ஒரு ஹோட்டலில் ஞாயிற்றுக்கிழமை மதிய விருந்து வைத்து, வசதியுள்ளவர்களை அழைத்து, ஆய்வுக்கு நிதி திரட்டுவதாகச் சொன்னார். ஒரு காணொளி தயாரிக்க வேண்டும், அதில் ஒரு பிள்ளை வேண்டும் என்றார்.

"சிரிச்ச முகமா ஒரு புள்ள இருந்தா நல்லது, சிஸ்டர். நோயாளின்னு சொன்னா யாருக்கும் மனசுல நிக்காது. ஒரு பேரு, ஒரு முகம் வேணும்."

நான் தர்ஷினியைச் சொன்னேன். யாரும் என்னை வற்புறுத்தவில்லை. நானாகத்தான் சொன்னேன்.

லெட்சுமியிடம் கையெழுத்து வாங்கப் போனபோது அவர், "என்ன பேசுவாங்க மிஸ்ஸி?" என்று கேட்டார். "நல்லதாத்தான் பேசுவாங்க" என்றேன். சரவணனின் படம் ஒன்று வேண்டும் என்று செயலாளர் கேட்டிருந்தார். அதையும் வாங்கிக்கொண்டு வந்தேன். எதற்கு என்று லெட்சுமி கேட்கவில்லை. குடும்பத்தைப் பற்றிக் காட்டுவார்கள்போல என்று நினைத்திருப்பார்.

விருந்துக்கு இரண்டு நாள் முன்னால் காணொளியின் பேச்சு வாசகம் மின்னஞ்சலில் வந்தது. விருந்தினர்களுக்காக முழுவதும் ஆங்கிலம். மருத்துவத் தகவல் சரிதானா என்று பார்த்துத் தரச் சொல்லியிருந்தார்கள். நோயின் பெயரில் ஓர் எழுத்துப் பிழையைத் திருத்தினேன். வயதைத் திருத்தினேன். நடுவில், இதே நோய்தான் இவளுடைய அண்ணனின் உயிரைக் குடித்தது, இவளுக்கும் நேரம் அதிகமில்லை என்ற பொருளில் ஒரு வரி இருந்தது. படித்தேன். மருத்துவப்படி அதில் தவறு எதுவும் இல்லை. பக்கத்தில் சரி என்று குறித்து அனுப்பினேன்.

நீங்கள் கவனிக்க வேண்டிய இடம் இதுதான். அந்த வரி உண்மையா என்று பார்த்தேன். அதை யார் காதில் விழச் செய்கிறோம் என்று பார்க்கவில்லை. காணொளி விருந்தினர்களுக்கு என்பதே மனதில் இருந்தது. தர்ஷினியும் அதே மண்டபத்தில் உட்கார்ந்திருப்பாள் என்பது எனக்குத் தெரியாதா? தெரியும். அவளுக்கு நாற்காலி எங்கே போடுவது என்பதைக்கூட நான்தான் செயலாளரிடம் சொல்லியிருந்தேன். ஆனால் இரண்டையும் சேர்த்துப் பார்க்கத் தோன்றவில்லை.

விருந்தன்று குணாவால் வர முடியவில்லை. செம்பனைப் பழம் அதிகமாக விழும் பருவம், ஞாயிறும் லோரி ஓடியது. லெட்சுமியையும் தர்ஷினியையும் என் காரில்தான் அழைத்துப் போனேன். தர்ஷினி தீபாவளிக்கு எடுத்த ஊதாநிறப் பஞ்சாபி உடை போட்டிருந்தாள். மேடையில் ஏறி நன்றி சொல்ல வேண்டும் என்பதற்காக, காரில் மூன்று மொழியிலும் சொல்லிச் சொல்லிப் பார்த்தாள்.

விளக்கை மங்கலாக்கிக் காணொளியைப் போட்டார்கள். சுவரைப் பிடித்துக்கொண்டு அவள் நடந்து வருவது தெரிந்தது. தன்னைத் திரையில் பார்த்ததும் வெட்கப்பட்டு அம்மாவின் தோளில் சாய்ந்தாள். அடுத்து சரவணனின் படம் வந்தது.

அந்த நொடியில்தான் எனக்கு உறைத்தது. அந்த வரி இன்னும் வரவில்லை. அது வந்து சேர ஏழெட்டு வினாடியாவது இருந்திருக்கும். எழுந்து, "வாம்மா, கழிவறைக்குப் போயிட்டு வந்துரலாம்" என்று அவள் கையைப் பிடித்துக் கூட்டிப்போயிருக்கலாம். முன்வரிசையில் சிறப்பு விருந்தினர் உட்கார்ந்திருந்தார். நடுவில் எழுந்தால் பார்ப்பவர்கள் என்ன நினைப்பார்கள், காணொளியின் நாயகியே எழுந்து போனால் வேலை கெட்டுவிடுமே, ஒருவேளை அவள் சரியாகக் கவனிக்காமல் இருக்கலாமே. இப்படியெல்லாம் நினைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். முப்பது வருடத்தில் மூச்சு நின்ற பிள்ளைகளுக்கு முன்னால்கூட என் கை இப்படி நின்றுபோனதில்லை.

வரி வந்தது. லெட்சுமிக்கு ஆங்கிலம் அவ்வளவாகப் புரியாது. அவர் மகனின் படத்தைப் பார்த்து அழுதுகொண்டிருந்தார். தர்ஷினிக்குப் புரியும். அவள் தலையை அம்மாவின் தோளிலிருந்து எடுத்து நிமிர்ந்து உட்கார்ந்தாள். அவ்வளவுதான்.

பிறகு அவளை மேடைக்குக் கூப்பிட்டார்கள். நானும் செயலாளரும் இரண்டு பக்கமும் பிடித்துக்கொண்டோம். மூன்று மொழியிலும் நன்றி சொன்னாள். ஒரு சொல்லும் தவறவில்லை. மண்டபமே எழுந்து நின்று கைதட்டியது. சிறப்பு விருந்தினர், அரசாங்கத்தால் எல்லாவற்றையும் செய்ய முடியாது, நல்ல மனம் படைத்தவர்கள்தான் இந்த இடைவெளியை நிரப்ப வேண்டும் என்று பேசினார். நாங்கள் எதிர்பார்த்ததைவிட அதிகமாகவே நிதி சேர்ந்தது. டாக்டர் என் கையைக் குலுக்கினார்.

திரும்பும்போது காரில் லெட்சுமி கேட்டார். "சரவணன் படத்தக் காட்டுனாங்களே, என்ன மிஸ்ஸி சொன்னாங்க?"

பின்சீட்டில் தர்ஷினி என்னைக் கண்ணாடியில் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நல்ல பையன்னு சொன்னாங்க. தங்கச்சி மேல ரொம்பப் பாசமா இருந்தான்னு."

"ஆமா மிஸ்ஸி" என்று லெட்சுமி மறுபடி அழுதார்.

கிளேபாங்கில் தேங்காய் ஷேக் கடை முன்னால் நிறுத்தினேன். லெட்சுமி வாங்கி வருகிறேன் என்று இறங்கி வரிசையில் நின்றார். கார் கதவு மூடியதும் தர்ஷினி கேட்டாள்.

"அண்ணனுக்கும் இதுதானா?"

பொய் சொல்ல அப்போதும் இடமிருந்தது. இனி முடியாது என்று தோன்றியது. "ஆமாம்மா" என்றேன்.

"எனக்கு எப்போ?"

"அது யாருக்கும் தெரியாது. டாக்டருக்கும் தெரியாது. நெசமாத்தான் சொல்றேன்."

வெளியே வரிசையில் நின்ற அம்மாவைப் பார்த்தாள். "அம்மாவுக்கு அந்த இங்கிலீஷு புரியலதானே?"

"புரியல."

"அப்ப சொல்லாதீங்க மிஸ்ஸி. எனக்குத் தெரியும்னு அவங்களுக்குத் தெரிய வேணாம்."

லெட்சுமி மூன்று கோப்பைகளைப் பிடித்துக்கொண்டு வந்தார். தங்கா பத்து என்ற ஊரைத் தாண்டியதும் தர்ஷினிதான் பேச ஆரம்பித்தாள், மண்டபத்தில் ஒருவருடைய தலைமுடி பொய்முடி என்று. லெட்சுமி சிரித்துவிட்டார்.

அடுத்த வாரம் குணா என் அலுவலகத்துக்கு வந்தார். அந்தக் காணொளி யாரோ அனுப்பி, யாரோ அனுப்பி, எண்ணெய் ஆலைக்கு வெளியே லோரிகள் காத்திருக்கும் இடத்தில் இன்னொரு ஓட்டுநரின் வாட்சாப்பில் அவர் கண்ணில் பட்டிருந்தது. செத்துப்போன மகனின் முகத்தை அடுத்தவன் கைப்பேசியில் பார்த்திருக்கிறார். சத்தம் போடவில்லை. நின்றுகொண்டே பேசினார்.

"நானும் வரி கட்டுறேன்தானே மிஸ்ஸி. லோரிக்கு ரோட்டேக்ஸ் கட்டுறேன். கடையில சாமான் வாங்குனா அதுலயும் புடிக்கிறாங்க. எம்புள்ளைக்கு அதுல ஒரு பங்கு கெடையாதா? மேடையில ஏத்தித்தான் வாங்கணுமா?"

"என் தப்புதான் தம்பி" என்றேன். அவர் அதைக் கேட்க வரவில்லை. தலையை ஆட்டிவிட்டுப் போனார்.

இனி அவளை அனுப்பமாட்டார்கள் என்று நினைத்தேன். ஆனால் குறித்த நாளில் தர்ஷினி வந்தாள். அம்மாவை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு, "அந்த பாரத்த முதல்லேருந்து படிங்க மிஸ்ஸி" என்றாள். நான்கு பக்க ஒப்புதல் படிவம். அதுவரை பெரியவர்களுக்குத்தான் படித்துக்காட்டியிருந்தேன், அதையும் ஓட்டமாக. அன்று ஒவ்வொரு வரியாகப் படித்தேன். இந்த ஆய்வினால் உங்களுக்கு நேரடியான பயன் கிடைக்காமல் போகலாம் என்ற இடத்தில் நிறுத்தினாள்.

"அப்ப யாருக்குப் பயன்?"

"பின்னால பொறக்கப்போற புள்ளைங்களுக்கு."

"சரிலா. எங்க கையெழுத்து போடணும்?"

சின்னவர்களின் கையெழுத்துக்கு அந்தப் படிவத்தில் இடமில்லை. ஓரத்தில் கோடு போட்டுக் கொடுத்தேன். போட்டாள்.

நன்கொடைப் பணம் ஒரு வருடத்துக்கும் மேலாக ஆய்வை நடத்தியது. நல்ல கருவி ஒன்று வாங்கினோம். அந்தப் பணத்தை நான் குறைத்துச் சொல்லமாட்டேன். அது இல்லாவிட்டால் முந்தைய மூன்று வருட வேலையும் வீணாகியிருக்கும். தர்ஷினி சக்கர நாற்காலிக்கு மாறினாள். நடைப் பரிசோதனை அவளுக்கு முடிந்துபோனது. மற்றப் பிள்ளைகள் நடக்கும்போது நேரம் குறிக்க அவளை வைத்துக்கொண்டேன். மழைக்காலத்தில் சளி பிடித்து வார்டில் சேர்த்தார்கள். பத்து நாள் இருந்தாள். பதினோராம் நாள் இல்லை.

முப்பதாம் நாள் சடங்கு முடிந்த பிறகு லெட்சுமியைப் பார்க்கப் போனேன். தர்ஷினிக்கு எல்லாம் தெரிந்திருந்தது என்பதை அந்தத் தாயிடம் சொல்லிவிட வேண்டும், இனியும் மறைக்கக் கூடாது என்று முடிவு செய்திருந்தேன். நான் வாயைத் திறப்பதற்குள் அவரே சொன்னார்.

"அவளுக்குத் தெரியும் மிஸ்ஸி. அந்த ஓட்டல் சாப்பாட்டுக்கு அப்புறம் ஒரு நாளுகூட எப்ப சரியாவும்னு கேக்கல. அதுக்கு முன்னால தெனமும் கேப்பா. நானும் தெரியாத மாதிரியே இருந்துட்டேன். அவ சிரிச்சா நானும் சிரிச்சேன். ஒருத்தரு மடியில ஒருத்தரு படுத்து அழுதிருக்கலாம். அதுக்குக்கூட விடாமப் போச்சு."

அவர் என்னைக் குற்றம் சொல்லவில்லை. காப்பி போட்டுக் கொடுத்தார்.

அடுத்த வருட விருந்துக்குச் செயலாளர் மறுபடி வந்தார். அதே காணொளியைக் காட்டி, கடைசியில் தர்ஷினி இப்போது இல்லை என்று சேர்க்க வேண்டும் என்றார். கேட்கும்போது அவருக்கே கண் கலங்கியது. "மத்த நாலு புள்ளைங்களுக்காகத்தான் கேக்குறேன், சிஸ்டர். அது இல்லன்னா இந்தத் தடவ யாரும் குடுக்கமாட்டாங்க."

டாக்டர் ஒப்புதல் தாள்களை எடுத்துப் பார்த்தார். "எப்போ வேணும்னாலும் காட்டலாம்னு கையெழுத்து இருக்கு. சட்டப்படி தடையில்ல. ஆனா குடும்பத்த உங்களுக்குத்தான் தெரியும். நீங்களே சொல்லுங்க."

குணாவைத் தொலைபேசியில் அழைத்தேன். வேண்டாம் என்ற ஒரு சொல்லோடு வைத்துவிட்டார். நானும் வேண்டாம் என்றே சொன்னேன். அமைப்பு வேறொரு நோய்க்கு, வேறோர் ஊர் மருத்துவமனைக்குப் போய்விட்டது. எங்கள் ஆய்வு நின்றது.

நான் செய்தது சரி என்று நீங்கள் நினைக்கலாம். அதற்கு முன் இதையும் கேளுங்கள். நின்றுபோன செய்தியைச் சொல்ல மற்ற நான்கு வீட்டுக்கும் போனேன். ஒரு வீட்டில் தாய் என்னிடம் கோபமாகக் கேட்டார்: "ஏன் மிஸ்ஸி எங்களக் கேக்கல? எம்புள்ளையக் காட்டியிருக்கலாம்ல. நான் மேடையில நின்னு அழுதிருப்பேன். வெக்கமா பெருசு?" அவருடைய பிள்ளைக்கு அப்போது ஏழு வயது.

அதனால் பின்வரிசைப் பெண்ணுக்கு என் பதில் இதுதான். வரிப்பணத்தில்தான் நடக்க வேண்டும். அங்கே எந்தத் தாயும் யாருக்கு முன்னாலும் அழ வேண்டியதில்லை. பிள்ளை சிரித்த முகமாக இருக்க வேண்டியதில்லை. குணா சொன்னதுபோல் அது அவர்களுடைய பங்கு. ஆனால் வரிப்பணம் தலையை எண்ணும். ஐந்து என்றால் கையை விரித்துவிடும். அப்போது நல்ல மனிதர்களிடம் போய் நிற்கத்தான் வேண்டியிருக்கும். அப்படி நிற்கும்போது பிள்ளையை முன்னால் தள்ளாதீர்கள். நீங்கள் போய் நில்லுங்கள். கொடுப்பவர் குறைவாகக் கொடுத்தாலும் அதை வாங்கிக்கொண்டு வாருங்கள்.

ஆய்வு நின்றதும் நான் சும்மா இருந்துவிடவில்லை. டாக்டரோடு உட்கார்ந்து அரசாங்க மானியத்துக்கு மறுபடி எழுதினேன். பிள்ளைகள் மட்டும் என்றால் எண்ணிக்கை போதாது என்பதால், இந்த நோயின் மரபணுவைத் தங்களுக்கே தெரியாமல் சுமக்கும் பெற்றோரையும் உறவினரையும் சேர்த்து எழுதினோம். முதல் முறை திருப்பி அனுப்பினார்கள். மறுபடி எழுதினோம். நான் ஓய்வுபெற நாலு மாதம் இருக்கும்போது அனுமதிக் கடிதம் வந்தது. கேட்டதில் பாதி. அதற்குள் நான்கு பிள்ளைகள் மூன்று பேர் ஆகியிருந்தார்கள்.

பெற்றோருக்கெல்லாம் கடிதம் போனது. குணாவுக்கும் லெட்சுமிக்கும் அனுப்பலாமா என்று டாக்டர் கேட்டார். பிள்ளை இல்லாத வீடு. வேண்டாம் என்று எனக்குப் பட்டது. ஆனால் அவர்களுக்காக முடிவெடுத்து நான் பட்டது போதும். முழு விவரத்தையும் எழுதி, வர வேண்டிய கட்டாயம் இல்லை என்பதையும் எழுதி அனுப்பினேன்.

மூன்று வாரம் பதில் இல்லை. ஒரு செவ்வாய்க்கிழமை காலை, ஆலையில் பழத்தை இறக்கிவிட்டு நேரே வந்தவர்போல, சட்டையெல்லாம் செம்பனை எண்ணெய்க் கறையோடு குணா வாசலில் நின்றார். உட்காரச் சொன்னேன். படிவத்தை முதல் வரியிலிருந்து படித்துக்காட்டினேன். முடித்ததும் கையெழுத்து போட்டார்.

"லெட்சுமி அடுத்த வாரம் வருவா. பஸ்ஸுல வர்றேன்னிருக்கா" என்றார். பிறகு கொஞ்சம் தயங்கி, "படம் கிடம் எடுக்கமாட்டாங்கதானே?" என்று கேட்டார்.

"இல்ல தம்பி. பேரக்கூட எழுதமாட்டோம். ஒரு நம்பர் மட்டும்தான்."

"அது போதும்."

சட்டைக் கையை முழங்கைக்கு மேல் மடித்து மேசையில் வைத்தார். லோரி ஓட்டும் கை, நரம்பு நன்றாகப் புடைத்துத் தெரிந்தது. புதிதாக வேலைக்கு வந்த பெண்ணால்கூட ஒரே குத்தில் எடுத்துவிட முடியும். எனக்கு அன்று இரண்டு முறை குத்த வேண்டியிருந்தது. குணா கையை அப்படியே நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.